ஐந்தாவது பாட்டின் சிம்பல்

18.10.2025, சனி

புது நோட்டு. எழுதப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன். பாடம் தொடங்குமுன் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிப் பழகிய கை.

1. காப்பர் வேன் என்ற ராக் குழுவின் 1974ஆம் ஆண்டு இசைத்தட்டுக்கு இப்போது வந்திருக்கும் மறுபதிப்பில் சிம்பல் ஒலி, அதாவது ட்ரம்ஸோடு அடிக்கும் வெண்கலத் தாளத்தின் ஒலி, அழிக்கப்பட்டிருக்கிறது. அதற்கான சான்றுகள்.
2. குறை என் கருவிகளில் இல்லை. சோதனை விவரங்கள்.
3. நண்பர் கிளீட்டஸ் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். காரணம் பிடிவாதமாக மட்டுமே இருக்கும்.
4. நவம்பர் 14, வெள்ளி: காப்பர் வேனின் புதிய தட்டு, இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. அதற்கு மதிப்புரை, வழக்கம்போல என் காதால் கேட்டு, அந்த வாரமே.
5. இவற்றில் ரெஜினாவுக்குச் சம்பந்தமில்லை. மணமாகி நாற்பத்து நான்கு ஆண்டுகளில் அவள் இந்தப் பாட்டுகளில் ஒன்றைக்கூட முழுதாகக் கேட்டதில்லை.

நோட்டு வேறு யார் கைக்காவது போனால் புரிய வேண்டும் என்பதற்காக: நான் லியோன் மோத்தா, தூத்துக்குடி, வயது 76. கல்லூரியில் முப்பத்தொரு ஆண்டு இயற்பியல் நடத்தினேன். பெரும்பாலும் ஒலியியல். 1979 முதல் 'ஊசிமுனை' என்ற செய்தி மடலை நடத்துகிறேன். பழைய ராக் குழுக்களின் புது வெளியீடு, மறுபதிப்பு, சுற்றுப்பயணம், மறைவு ஆகிய நான்கு பகுதிகள். அப்போது ஸ்டென்சில் வெட்டி உருட்டி முப்பத்தெட்டுப் பேருக்குத் தபாலில் அனுப்பினோம். இப்போது வாட்ஸ்அப்பில் 211 பேர். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போய்விடும். இரண்டு சான்று இல்லாமல் எதையும் வெளியிட்டதில்லை.

19.10.2025, ஞாயிறு

மடல் போனது. மறுபதிப்புப் பகுதியில் எழுதியது: 'ஒலியைச் செப்பனிட்டவர் செப்பனிடவில்லை, சுரண்டியிருக்கிறார். ட்ரம்ஸ் வாசித்த ரான் டிப்லியின் சிம்பல்களைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார்கள். புதிய தட்டும் இதே கைக்குத்தான் போகிறது. முன்பதிவு செய்தவர்கள் யோசிக்கவும்.'

இதை அனுப்ப எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. இவ்வளவு கடுமையாக நான் எழுதியதே இல்லை. கல்லூரியில் ஒரு மாணவனைக்கூட வெளியே போ என்று சொன்னதில்லை. ஆனால் சான்று இருக்கிறது.

20.10.2025, திங்கள்

தீபாவளி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வாசலில் கம்பி மத்தாப்பு கொளுத்தினார்கள். இந்த ஆண்டு மத்தாப்பு சீறவே இல்லை. பொறி மட்டும் சத்தமில்லாமல் கொட்டுகிறது. சிவகாசியிலும் தரம் குறைந்துவிட்டது போலும்.

22.10.2025, புதன்

என் பழைய தட்டை எடுத்து ஒப்பிட்டேன். 1976இல் ஒரு கிரேக்கக் கப்பல் மாலுமியிடம் இரண்டு வேட்டிக்கு மாற்றாக வாங்கியது. அதிலும் சிம்பல் இல்லை. ஐம்பது ஆண்டு ஊசி ஓடித் தேய்ந்திருக்கிறது.

23.10.2025, வியாழன்

மழை தொடங்கியும் கொசு இல்லை. கையில் மட்டும் ஏழெட்டுத் தடிப்பு. ஒவ்வாமையாக இருக்கலாம்.

25.10.2025, சனி

சனிக்கிழமை மாலை கிளீட்டஸ் வருவது வழக்கம். கிளீட்டஸ் மிராண்டா, கோயிலுக்குப் பின்தெருவில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். மடலின் முதல் ஸ்டென்சிலிலிருந்து கூட இருக்கிறார். என் ஆம்ப்ளிஃபையரை அவர் ஒருவர்தான் திறப்பார். கடைசியாக ஆகஸ்டில் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு போனார்.

மறுபதிப்பைப் போட்டேன். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆகஸ்டிலிருந்து என் வீட்டில் கேட்கும்போதெல்லாம் அவருக்கு இந்த முகம்தான்.

"எப்படி?" என்றேன்.

"எது எப்படி?"

"சிம்பல்."

"இருக்கே. காதக் கிழிக்கு."

"எங்க இருக்கு?"

"உம்ம மூக்குக்கு முன்னால இருக்கு. வாத்தியாரே, உமக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? எழுதுனதுதான் எழுதினீரு, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எழுதக் கூடாதா?"

"ரெண்டு சான்று இருந்தது. ஸ்பீக்கர்ல கேட்டது ஒண்ணு. ஹெட்ஃபோன்ல கேட்டது ஒண்ணு."

"ரெண்டையும் கேட்டது ஒரே ஆளுதான?"

ரெஜினா தேநீர் கொண்டுவந்தாள். கிளீட்டஸ் அவளைப் பார்த்தார். அவள் கோப்பையைப் பார்த்தாள். இருவரும் ஏதோ முணுமுணுத்தார்கள். இப்போதெல்லாம் எல்லாருமே முணுமுணுக்கிறார்கள். தெளிவாகப் பேசும் பழக்கம் போய்விட்டது.

27.10.2025, திங்கள்

சோதனை. கைபேசியிலிருந்து ஒற்றை அதிர்வெண் ஒலிகளை ஆம்ப்ளிஃபையர் வழியாக ஒலிபெருக்கிக்கு அனுப்பினேன்.

500 ஹெர்ட்ஸ்: நன்று. 1000: நன்று. 2000: சற்றுக் குறைவு. 3000: இருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. 4000: இல்லை. 6000: இல்லை. 8000: இல்லை.

இடது, வலது இரண்டு ஒலிபெருக்கியிலும் ஒரே விடை. உயர்ந்த ஒலிக்கான இரண்டு ட்வீட்டரும் ஒரே அளவில் ஒரே நேரத்தில் கெடுவது அபூர்வம். ஹெட்ஃபோனிலும் இதே எண்கள். ஹெட்ஃபோனும் பழையது.

6000 ஓடிக்கொண்டிருக்கும்போது ரெஜினா காதைப் பொத்திக்கொண்டு வந்து மின்விசையை அணைத்தாள். "தெரு நாயெல்லாம் ஊளையிடுது. என்னத்தப் பண்ணிட்டு இருக்கிய?" என்றாள். நாய் எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை. அந்த விவரத்தை அட்டவணையில் சேர்க்கவில்லை.

28.10.2025, செவ்வாய்

குக்கரில் பருப்பு கரிந்தது. பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ரெஜினா கோயிலுக்குப் போயிருந்தாள். விசில் வரவே இல்லை. புது வெயிட் வாங்கி வைத்தேன்.

30.10.2025, வியாழன்

புதிய தட்டைப் பற்றிய செய்தி, இரண்டு இடங்களில் சரிபார்த்தது. பெயர் 'ஹார்ன்ஸீ பியர்'. ஒன்பது பாட்டுகள். டிப்லிக்கு 81 வயது. கைநடுக்கம் வந்து முழு ட்ரம்ஸ் வாசிக்க முடியாது. எட்டுப் பாட்டுக்கு வேறொருவர். ஐந்தாவது பாட்டுக்கு மட்டும் அவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். எட்டு நிமிடம். அடியில் தாழ்ந்த ஆர்கன் ஒன்று, அதன்மேல் இரண்டு சிம்பல், வேறொன்றும் கிடையாது. இதுவே தன் கடைசிப் பதிவு என்கிறார்.

இதைப் படித்தபின் அறையில் எழுந்து நடந்தேன். அந்த மனிதரின் கையை ஐம்பது ஆண்டு பின்தொடர்ந்தவன் நான். அவர் அடிக்கும் அடிக்கு முன்னால் விடும் நொடியை வைத்தே மடலில் நான்கு கட்டுரை எழுதியிருக்கிறேன்.

பதினைந்து நாள் இருக்கிறது. அதற்குள் கருவியைச் சரிசெய்தாக வேண்டும்.

2.11.2025, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அம்மா, அப்பா கல்லறைக்கு மெழுகுவர்த்தி. குருவானவர் ஜெபம் சொல்வது வாய் அசைவாகத் தெரிந்தது. ஒலிபெருக்கியை இனி நல்ல கடையில் வாடகைக்கு எடுக்கச் சொல்ல வேண்டும்.

குறை ஆம்ப்ளிஃபையரில் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். ஆகஸ்டில் கிளீட்டஸ் திறந்தார். அதற்குப் பிறகுதான் இதெல்லாம். உள்ளே பழைய அசல் பாகங்கள் இருந்தன, இன்று எங்கும் கிடைக்காதவை. மேலே எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேறு எதுவும் மிச்சமில்லை.

3.11.2025, திங்கள்

நேரில் கேட்க எனக்கு வராது. கடிதம் எழுதினேன். ஐந்து முறை திருத்தினேன்.

'அன்புள்ள கிளீட்டஸ், ஆகஸ்ட் பழுதுபார்ப்பின்போது என் ஆம்ப்ளிஃபையரிலிருந்து அசல் பாகங்கள் ஏதேனும் மாற்றப்பட்டிருந்தால், அவற்றைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இதுபற்றி வேறு எவரிடமும் பேசமாட்டேன். லியோன்.'

கடை திறக்குமுன் கதவுக்கடியில் தள்ளிவிட்டு வந்தேன்.

5.11.2025, புதன்

மதுரையிலிருந்து ஜெயபோஸ் கூப்பிட்டார். மடல் வாசகர்கள் சேர்ந்து புதிய தட்டை மொத்தமாக வரவழைப்பது அவர் பொறுப்பு. பேசுவது விளங்காததால் எழுதி அனுப்பச் சொன்னேன்.

'சார், நாற்பது பேரில் இருபத்தாறு பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மோத்தா சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிறார்கள். ஆனால் என் வீட்டில் மறுபதிப்பு அருமையாக ஒலிக்கிறது சார். ஒருமுறை மறுபடி கேட்டுப் பார்க்கிறீர்களா?'

மறுபடி கேட்டேன். பதினோரு முறை.

8.11.2025, சனி

கிளீட்டஸ் வரவில்லை. நாற்பத்தாறு ஆண்டில் புயலுக்கு இரண்டு சனி, அவர் மகள் கல்யாணத்துக்கு ஒரு சனி, கொரோனாவுக்கு எத்தனையோ சனி. கோபத்துக்கு இதுவரை இல்லை.

ரெஜினா இரண்டு தேநீர் போட்டுக் கொண்டுவந்து ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

10.11.2025, திங்கள்

ஆம்ப்ளிஃபையரைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸில் போனேன். இறங்கியதும் கால் மரத்துக் கிடந்தது. செல்லத்துரை என்ற மெக்கானிக். திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"இத வேல பாத்தவரு கெட்டிக்காரரு சார். பழைய சாமான் ஒண்ணு விடாம அப்பிடியே இருக்கு. எதையும் எடுக்கல, கூடத்தான் சேத்திருக்காரு. இந்தா, இந்தச் சின்ன போர்டு. ட்ரெபிள, அந்தக் கீச்சுச் சத்தத்த மட்டும் தூக்கி விடுது. வேண்டாம்னா நிறுத்திக்கிட பின்னால சுவிட்சும் வச்சிருக்காரு."

"எதுக்கு?"

"அதத்தான் நானும் கேக்கேன். நல்ல காதுள்ளவன் இது முன்னால அரைமணி நேரம் இருக்க மாட்டான். உங்க வீட்ல யாருக்கும் காது மந்தமா சார்?"

மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார். இன்னொரு முறை கேட்டேன். மூன்றாவது முறை அவர் குனிந்து உரக்கச் சொன்னார். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் மழை. சன்னல் கண்ணாடி முழுக்க நீர் அடித்து ஓடியது. அதற்கு ஒரு சத்தம் இருக்க வேண்டும் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

11.11.2025, செவ்வாய்

காது மருத்துவரிடம் போனேன். ரெஜினாவிடம் மின் கட்டணம் என்று சொன்னேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் வரும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முதலில் அடிக்கடி அழுத்தினேன். பிறகு கை சும்மா இருந்தது. கண்ணாடிக்கு வெளியே அந்தப் பெண் திருகைத் திருகிக்கொண்டே இருப்பது தெரிந்தது.

வரைபடம் கொடுத்தார்கள். விளக்கம் தேவைப்படவில்லை, முப்பத்தொரு ஆண்டு இதே வரைபடத்தைப் பலகையில் போட்டவன். 2000 வரை படிக்கட்டுபோல இறங்குகிறது. அதன்பின் படியே இல்லை, நேராகக் கிணறு. அக்டோபர் 27 அன்று நான் போட்ட அட்டவணையும் இதுவும் ஒன்றே.

மருத்துவர் இளையவர், பொறுமைசாலி. முகத்துக்கு நேராகப் பேசினார்.

"வயசும் இருக்கு, வருஷக்கணக்கா சத்தமா கேட்டதும் இருக்கு. ஒரு நாள்ல வந்தது இல்லய்யா. மெஷின் வச்சா பேச்சு தெளிவாகும். கண்டிப்பா வையுங்க."

"சிம்பல்?"

"அது என்னது?"

சொன்னேன். அவர் வரைபடத்தின் கிணற்றில் பேனாவை வைத்தார். "இந்த இடத்துல நரம்பே வேல செய்யல. மெஷின் எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் வாங்க ஆளில்ல."

"இனிமேல்?"

"இப்ப கேக்குறதும் மெல்லக் குறையலாம். எவ்வளவு வேகம்னு சொல்ல முடியாது."

வெளியே வந்து மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்தேன். மாணவர்களுக்கு நடத்தியதுதான்: உயர்ந்த அதிர்வெண்கள் முதலில் போகும். தேர்வுக்கு வரும், இரண்டு மதிப்பெண்.

12.11.2025, புதன்

கிளீட்டஸ் கடை வரை போனேன். எதிர்வரிசையில் நின்றேன். அவர் சாலிடரிங் கம்பியை ஊதிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

மடலை நிறுத்திவிடுவது என்று ஓர் எண்ணம். காரணம் எழுதாமல், உடல்நிலை என்று மட்டும்.

இன்னொரு எண்ணமும் வந்தது. ஐந்தாவது பாட்டைக் கேட்காமலே எழுதிவிடலாம். டிப்லியின் கையை எனக்குத் தெரியும். எங்கே காத்திருப்பார், எங்கே அடிப்பார் என்று ஊகித்து அழகாக எழுத முடியும். 211 பேரில் ஒருவருக்கும் ஐயம் வராது. அரைப் பக்கம் எழுதியும் பார்த்தேன். நன்றாக இருந்தது. கிழித்துவிட்டேன், துண்டுகளை ரெஜினா பார்க்காதபடி பையில் போட்டுக்கொண்டேன்.

13.11.2025, வியாழன்

இன்று கடைக்குள்ளே போனேன். கிளீட்டஸ் நிமிரவில்லை. மேசை ஓரத்தில் வரைபடத்தை விரித்து வைத்தேன். பார்த்துவிட்டு என் முகத்துக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார். உரக்கவும் நிதானமாகவும் பேசினார். இத்தனை மாதமும் அவர் என்னிடம் இப்படித்தான் பேசி வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

"இப்பவாவது போனீரே."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஜூன்ல. ஆனா நானாக் கண்டுபிடிக்கல. மைனிதான் கடைக்கு வந்தாவ."

"ரெஜினாவா? இங்கயா?"

"இந்த ஸ்டூல்லதான் இருந்தாவ. 'இவங்களுக்குக் காது போவுது கிளீட்டஸ், சொன்னா ஒடஞ்சிருவாங்க, பெட்டிக்குள்ள ஏதாவது செஞ்சு கொஞ்ச நாளைக்குக் கேக்க வையி'ன்னாவ. செஞ்சேன். அக்டோபர்ல அதுவும் எட்டாமப் போச்சு."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"உம்மகிட்டயா? ஓய், டாக்டர்ட்ட போங்கன்னா மறுநாள் டாக்டருக்கே ரெண்டு சான்று கேட்டு லெட்டர் போடுவீரு."

சிரிக்கவேண்டிய இடம். இருவரும் சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். எழுதிக்கொண்டு போயிருந்ததை எடுக்காமல் வாயால் கேட்டேன். அவர் கம்பியைத் தாங்கியில் செருகினார்.

"திருடன்னு எழுதிட்டீரு வாத்தியாரே."

"அந்தச் சொல்லை எழுதல."

"எழுதியிருந்தா சண்ட போட்டிருப்பேன். நீரு மரியாதையா எழுதினீரு பாரும், அதான் தாங்கல."

நாளைக்கு வருவீர்களா என்றேன். "நான் எங்கடையில கேட்டுக்கிடுவேன். அந்த லெட்டரு நெஞ்ச விட்டு எறங்கட்டும், பொறவு பாப்போம்" என்றார்.

14.11.2025, வெள்ளி

காப்பர் வேனின் ஊரில் நள்ளிரவு, இங்கே காலை ஐந்தரை. கைபேசியில் தட்டு திறந்தது. ஆம்ப்ளிஃபையரில் இணைத்தேன். முதல் நான்கு பாட்டு: குரல் இருக்கிறது, கிட்டார் கம்பளிக்குள்ளிருந்து வருகிறது.

ஐந்தாவது பாட்டு. எட்டு நிமிடம் நான்கு நொடி. ஆர்கனின் தாழ்ந்த இரைச்சல், அணைந்த அடுப்பின் கணகணப்புபோல. அதன்மேல் ஒன்றுமே இல்லை. முழுதும் கேட்டேன். மீண்டும் போட்டேன். மூன்றாவது முறை ஒலியை முடிந்தமட்டும் கூட்டினேன். நெஞ்செலும்பு அதிர்ந்தது. மேலே ஒன்றுமில்லை. அந்த மனிதர் நடுங்கும் கையோடு வந்து உட்கார்ந்து கடைசியாகச் சொன்னது முழுவதும் இந்த அறையில் இருந்தது. எனக்கு மட்டும் இல்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தச் சத்தமும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

ரெஜினா கை ஈரத்தோடு வந்து நின்றாள். இரண்டு காதிலும் பஞ்சு. பஞ்சை நான் இதுவரை கவனித்ததில்லை. எத்தனை மாதமாக என்று கேட்கவும் துணிவு வரவில்லை. ஒலியைக் குறைத்தாள். வரைபடத்தை எடுத்துக் கொடுத்து, கண்ணாடி அறைச் சோதனையைப் பற்றிச் சொன்னேன். அவள் அதைப் பார்க்காமலே மடித்து மேசையில் வைத்தாள்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சை எடுத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"உங்காளுக்குக் கை நடுங்குது. முன்னயெல்லாம் ஒண்ணு அடிச்சா அடுத்தது எங்க விழும்னு எனக்குத் தெரியும். இதுல தெரியல. எப்ப அடிப்பான்னு பயமா இருக்கு."

"உனக்கு எப்படி முன்னால தெரியும்?"

"சுவத்துக்கு அந்தப் பக்கந்தான அடுப்பு இருக்கு? நீங்க உக்காந்து கேட்டிய. நான் பாத்திரம் வெளக்கிட்டே கேட்டேன். நாப்பத்து நாலு வருஷம்."

"பிடிக்குமா?"

"ஆரம்பத்துல பிடிக்கல. அந்த முக்காடு போட்ட மாதிரி பாடுறவன் இன்னமும் பிடிக்கல. இந்தக் கொட்டுக்காரன பிடிக்கும். இவன் அவசரப்படமாட்டான்."

அதைச் சொல்ல எனக்கு நான்கு கட்டுரை ஆயிற்று.

எழுந்துபோய் ஆம்ப்ளிஃபையரின் பின்னால் கைவிட்டுத் துழாவி, கிளீட்டஸ் வைத்த சுவிட்சை அணைத்தேன். எனக்கு எந்த வேறுபாடும் இல்லை. ரெஜினாவின் நெற்றிச் சுருக்கம் விட்டது. தோள் இறங்கியது.

"இப்பத்தான் இது பாட்டு" என்றாள்.

நாற்காலியை அவளுக்குக் கொடுத்தேன். நான் எதிரே முக்காலியில், கடிகாரமும் பென்சிலும் வைத்துக்கொண்டேன். அவர் அடிக்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொன்னேன். மெதுவானதற்குச் சின்ன விரல், பலமானதற்கு ஆள்காட்டி விரல். "கண்ணாடி ரூமுல இதத்தான் செய்யச் சொன்னாவளா?" என்றாள். அங்கே பொத்தான் என்றேன்.

எட்டு நிமிடம் அவள் கையை மட்டும் பார்த்தேன். விரல் எழுந்தது, இறங்கியது. பிறகு வெகுநேரம் அசையாமல் மடியில் கிடந்தது. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று நொடி. அவள் மூச்சை அடக்கியிருப்பது தெரிந்தது. நானும் அடக்கினேன். பதினான்காவது நொடியில் விரல் எழுந்தபோது எனக்கு முதுகு சிலிர்த்தது.

அறுபத்தொரு அடி. நேரம் எல்லாம் குறித்திருக்கிறேன். கடைசியில் அவள் சின்ன விரலைப் பாதி தூக்கி, தூக்கவா வேண்டாமா என்பதுபோல வைத்திருந்து இறக்கிவிட்டாள். அதை எண்ணவில்லை.

16.11.2025, ஞாயிறு

மடல் ஒன்பது மணிக்குப் போனது. முதலில் திருத்தம்: மறுபதிப்பில் எந்தக் குறையும் இல்லை, குறை என் காதில், செப்பனிட்டவரிடமும் முன்பதிவை விட்டவர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். பிறகு மதிப்புரை. எட்டுப் பாட்டுக்கு எனக்குக் கேட்ட அளவு எழுதி, கேட்ட அளவு என்றே குறிப்பிட்டேன். ஐந்தாவதற்கு: 'இதை நான் கேட்கவில்லை. என் மனைவி ரெஜினா கேட்டார். அறுபத்தொரு அடி, நேரத்துடன் கீழே.' அட்டவணை.

அனுப்பிவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். மணி அடிப்பது எனக்கு இனி தெரியப்போவதில்லை என்பதால் ரெஜினாதான் எடுத்துப் பார்த்தாள். இருபத்தாறு பேரில் பதினெட்டுப் பேர் மீண்டும் பெயர் கொடுத்துவிட்டதாக ஜெயபோஸ். நிறையப் பேர் ஆறுதல். அவற்றைப் படிக்க என்னால் முடியவில்லை. கிளீட்டஸிடமிருந்து ஒரே வரி:

'அறுபத்தொண்ணு இல்ல, அறுபத்திரெண்டு. கடைசி ஒண்ண விட்டுட்டீரு.'

ரெஜினா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் விரலத் தூக்கினேனே. அடிச்சானா தொட்டானான்னு தெரியாம பாதி தூக்கினேன். நீங்க எழுதல."

மறுபடி உட்கார்ந்து பார்த்தோம். 7:51. அட்டவணையில் சேர்த்துத் திருத்தம் அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு எனக்கு எதுவரை கேட்கும் என்று தெரியாது. இரவெல்லாம் அந்தக் கணக்குதான். 2000, பிறகு 1500. ரெஜினாவின் குரல் எந்த அளவில் இருக்கிறது என்று நாளை அளந்து வைக்க வேண்டும். அளக்கப் பயமாகவும் இருக்கிறது.

முதல் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் மூன்று குறிப்பும் என்ன ஆயின என்பது இடையில் உள்ள பக்கங்களில் இருக்கிறது. அவற்றைப் பற்றி மடலிலும் கடையிலும் சொல்லியாயிற்று. இன்னும் எங்கும் சொல்லாதது ஒன்று. ரெஜினாவைப் பற்றி ஐந்தாவது குறிப்பில் நான் எழுதியது தவறு.